கறுப்பை எடுக்கத் தெரியாத கேமரா: மூன்று கல்யாண ஆல்பங்களை முன்வைத்து

எங்க பாட்டிக்கு இருக்கிற ஒரே போட்டோ, வாக்காளர் அட்டையில் இருப்பதுதான். 1993க்குப் பிறகு வந்த அட்டை. பள்ளிக்கூடச் சுவரோரம் வரிசையில் நிற்க வைத்து, "அங்கிட்டுப் பாரு கெழவி, அசையாத" என்று ஓர் ஆள் அதட்டி எடுத்துவிட்டுப் போனார். அந்தப் படத்தில் பாட்டி இல்லை. வெள்ளை முக்காடு இருக்கிறது, நடுவில் ஒரு கறுப்பு ஓட்டை இருக்கிறது. பாட்டி செத்த பிறகு அதைப் பெரிசு பண்ணிச் சுவரில் மாட்டலாம் என்று டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். "மூஞ்சியே இல்லையேப்பா, எதைப் பெரிசு பண்ணச் சொல்ற?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

எழுபது வருஷம் மானாவாரிக் காட்டில் மல்லியும் மிளகாயும் களையெடுத்து, வேலிக்கருவை வெட்டி, கரிமூட்டப் புகை தின்ற மனுஷி. அவளுக்கு முகம் இல்லை என்று ஒரு அட்டை சொல்லிவிட்டது.

கல்யாணத்துக்கு யாரை வைத்துப் படம் எடுப்பது என்று பேச வந்தால், "இதெல்லாம் ஒரு பிரச்சினையா தோழர்?" என்று சிரிக்கிறார்கள். கவிதையை விமர்சிக்கிறோம், சினிமாவை விமர்சிக்கிறோம். எங்க தெருவில் கவிதைப் புத்தகம் இருக்கிற வீடு ஒன்றோ ரெண்டோ. ஆல்பம் இல்லாத வீடு கிடையாது. விருந்தாளி வந்தால் காப்பி கொதிக்கும் முன்னே மடியில் வைக்கப்படுவது ஆல்பம்தான். எங்க சனம் அதிகம் புரட்டுகிற புத்தகம் அதுதான் என்றால், அதை எழுதியவன் யார், என்ன பாஷையில் எழுதினான், யாரை விட்டுவிட்டு எழுதினான் என்று கேட்க வேண்டாமா? எங்க வீட்டு ஆல்பங்கள் மூன்றை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டுப் பார்க்கிறேன்.

1

1993 வைகாசி. அக்கா கல்யாணம். திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு ஊர், பெயர் வேண்டாம். வாசலில் பனையோலைப் பந்தல். டவுனில் இருந்து ஒரு போட்டோக்காரரைப் பேசிக் கூட்டி வந்தோம். பேச்சு ரெண்டு ரோல். ரோலுக்கு 36 படம், ஆக 72. அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. அய்யா கரிமூட்டக் கூலியில் மிச்சம் பிடித்து அட்வான்ஸ் கொடுத்திருந்தார்.

வந்தவருக்கு மோர் கொடுத்தோம். வேண்டாம் என்றார். தண்ணீர்? வேண்டாம். காப்பி? வயிறு சரியில்லை. எங்க பெரியப்பாவுக்குத்தான் விஷயம் விளங்கியது. "ஏலே, போயி பாட்டில் கலர் வாங்கிட்டு வா" என்று என்னை விரட்டினார். மூடி உடைக்காத பாட்டில். அதை வாங்கிக் குடித்தார், வயிறு சரியாகிவிட்டது. சைக்கிள் மிதித்துப் போய் வாங்கி வந்தவன் நான்தான். அன்றைக்கு அதைப் பெருமையாக நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆல்பத்தை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். 72இல் 50க்கு மேல் மணவறையில் நிற்கிற வரிசை. அம்மா ஒரே ஒரு படத்தில், அதிலும் தூணுக்குப் பின்னால் பாதி. சமைத்தவர்கள் இல்லை. கொட்டடித்தவர்கள் இல்லை. தெரு இல்லை. அந்த ஆள் பந்தலை விட்டு வெளியே வரவே இல்லை என்பதற்கு அந்த ஆல்பமே சாட்சி. நடுவில் அக்கா. அக்கா மகள் வளர்ந்து ஒருநாள் இதைப் புரட்டிவிட்டுக் கேட்டது: "மாமா, அம்மா மொகம் எங்க? பல்லும் மூக்குத்தியுந்தான் இருக்கு."

அக்கா கறுப்பு, அதனால் படம் அப்படி வந்தது என்றுதான் நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். அது பொய். கேமராவில் இருக்கிற ஒளிமானி, தன் முன்னால் உள்ளதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்குப் போடும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சுண்ணாம்புச் சுவர் நிறைந்த இடத்தில் அது ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் இருட்டுக்குள் போகும். தொழில் தெரிந்தவன் வேட்டியை அளக்க மாட்டான். முகத்துக்குக் கிட்டே போய் அளந்து, கறுப்பு கறுப்பாகவே நிற்கிற அளவுக்கு அதிலிருந்து கொஞ்சம் குறைத்து வைப்பான். பிளாஷை நேரே மூஞ்சியில் அடிக்க மாட்டான். அடித்தால் வியர்த்த நெற்றியும் மூக்கும் மட்டும் தகரம் மாதிரி மின்னும். பக்கத்தில் ரெண்டு பேரை ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லி, அதில் தட்டி வெளிச்சத்தைத் திருப்புவான். இதற்குக் காசு செலவில்லை. பக்கத்தில் வர மனசு வேண்டும். எங்க வீட்டுத் தண்ணியைக் குடிக்காதவன் எங்க அக்கா முகத்துக்குப் பக்கத்தில் போய் எப்படி அளப்பான்?

தனி ஆளை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பிலிமும் யோக்கியம் இல்லை. வண்ணப் படம் பிரதி போடும் லேபுகளுக்கு 1950களில் இருந்து கோடாக் கம்பெனி ஒரு சரிபார்ப்பு அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி. உலகத்தில் மிச்சமுள்ள தோலெல்லாம் அவளிடம் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு கெட்டுப்போகலாம். கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் இதை 2009இல் விரிவாக எழுதினார். அதில் ஒரு செய்தி. பழுப்பு நிறங்கள் பிலிமில் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் முறையிட்ட பிறகுதான் கோடாக் அதைத் திருத்த முனைந்ததாம். கறுப்பு மனுஷர்கள் இருந்தும் உறைக்காதது நாற்காலிக்காக உறைத்திருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் கேமரா எங்க சனத்திடம் எப்படி வந்தது என்பது தெரியும். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் அகலத்தை அளக்கும் கருவியும் கேமராவும் சேர்ந்தே ஊர்களுக்குள் வந்தன. பெயர் இல்லாமல், சாதிக்கு ஒரு மாதிரியாக நிறுத்தப்பட்ட உடம்புகள் அவை. வாக்காளர் அட்டை வரிசையில் நின்ற எங்க பாட்டிக்கு அதட்டல் புதுசு. அந்த நிறுத்தல் புதுசு இல்லை.

2

2010. தம்பி கல்யாணம். டவுன் மண்டபம், டிஜிட்டல் கேமரா, ரெண்டு நாள், ஆயிரத்துச் சொச்சம் படம். இந்தத் தடவை போட்டோக்காரர் காப்பி குடித்தார். சாதி காப்பி டம்ளரை விட்டு இறங்கி எங்கே போய் உட்கார்ந்தது என்பது ஆல்பம் வந்த பிறகுதான் தெரிந்தது.

பளபளவென்று கரிஸ்மா ஆல்பம். திறந்ததும் அம்மா கேட்டார்: "யாருப்பா இந்தப் பொண்ணு?" மருமகளை அடையாளம் தெரியவில்லை. தம்பி, தம்பி பெஞ்சாதி, அய்யா, எல்லாரும் ரோஸ் நிறம். கன்னத்தில் துவாரம் இல்லை, சுருக்கம் இல்லை. கழுத்துக்குக் கீழே கை மட்டும் கறுப்பு. கம்ப்யூட்டரில் முகத்தை வெளுத்தவருக்குக் கைக்கு நேரம் இல்லைபோல.

இது புதுசு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்துப் பென்சிலால் தீட்டுவார்கள். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் பிரதியில் வெளுக்கும். எங்களை வெளுக்க வைப்பதற்கும் கறுப்புத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

இங்கே நம்மையும் விசாரிக்க வேண்டும். கொஞ்சம் கலராக எடுங்கள் என்று சொன்னவர்கள் எங்க வீட்டிலும் உண்டு. தம்பி பெஞ்சாதிக்கு அந்த ஆல்பம் பிடித்திருந்தது. கறுப்பா விழுந்தா எங்க வீட்டுல சிரிப்பாங்க என்றது அந்தப் பொண்ணு. அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொண்ணு பார்க்க வந்தவன் முதல் நிறத்தைத்தான் கேட்டிருக்கிறான். நாங்களும் அப்படித்தான் போயிருக்கிறோம். போட்டோக்காரர் எங்க தாழ்வு மனப்பான்மையைச் சரியாகப் படித்து, அதற்கு விலை போட்டு, தோல் அட்டை போட்டுத் தந்துவிட்டார்.

ஆனால் இன்னொன்றை நாங்கள் யாரும் கேட்கவில்லை. மேடைக்குப் பின்னால் அம்பேத்கர் படம் மாலை போட்டு வைத்திருந்தோம். அதற்காகவே மண்டபத்துக்காரரிடம் மல்லுக்கட்டி ஆணி அடித்தது. ஆல்பத்தில் அம்பேத்கர் இல்லை. அந்த இடத்தில் ஒரு அருவி விழுந்துகொண்டிருந்தது. குற்றாலமா, அமெரிக்காவா தெரியவில்லை. போய்க் கேட்டேன். "அரசியல் படம்லாம் ஆல்பத்துல நல்லா இருக்காதுண்ணே. அதான் தூக்கிட்டேன். அதுக்குத் தனியாக் காசு வாங்கலையே, ஃப்ரீயாத்தான் பண்ணுனேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உதவி பண்ணிய முகத்தோடு சொன்னார்.

1993இல் எங்களைத் தொடாமல் எடுத்தார்கள். 2010இல் எங்களைத் திருத்தி எடுத்தார்கள். முதல் ஆல்பத்தில் நாங்கள் இருட்டு, ரெண்டாவதில் நாங்கள் வேறு யாரோ.

3

இப்போது ஸ்டுடியோவுக்குப் போனால் எந்தப் பாணி வேணும் என்று கேட்கிறார்கள். பாணி என்பது வெறும் ரசனை இல்லை, ஒவ்வொன்றும் ஒரு பார்வை. கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஒன்று, மேடைப் பாணி. மாப்பிள்ளை பெண் நடுவில், சொந்தம் ரெண்டு பக்கமும், மொய்க் கவரைக் கொடுக்கும்போது ஒரு கிளிக். இதைப் படித்தவர்கள் கேலி பண்ணுகிறார்கள். நான் பண்ண மாட்டேன். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு அத்தைக்கு, நல்ல சேலை கட்டி நேராக நிமிர்ந்து நின்று, கேமராவைக் கண்ணுக்குக் கண் பார்த்து எடுத்த படம் ஆயுளுக்கே ரெண்டோ மூணோதான். அந்த வரிசை அவளுக்கு ஒரு பதிவேடு. நான் வந்தேன், செஞ்சேன், நின்னேன் என்பதற்கு அத்தாட்சி. நூறு செல்ஃபி வைத்திருப்பவன்தான் அதை அலுப்பு என்பான்.

ரெண்டு, கேண்டிட். ஆளுக்குத் தெரியாமல் இயல்பாக எடுப்பது என்று பெயர். ஆனால் நடப்பது என்ன? "அக்கா, கீழ பாருங்க, லேசாச் சிரிங்க, இயல்பா இருங்க." இயல்பாக இருக்கச் சொல்லி அதட்டுகிற விசித்திரம். இன்னொரு விஷயம் அந்த லென்ஸ். முன்னால் ஒரு முகம் கூர்மையாக, பின்னால் எல்லாம் கரைந்து குழம்பாகப் போகும். அழகுதான். ஆனால் கரைந்துபோவது எது என்று பாருங்கள். தெரு, குடிதண்ணீர் வரிசைக் குடங்கள், வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள், கொட்டடிக்கிற மாமன். காலனியில் கல்யாணம் நடந்தது என்ற தடயமே இல்லாமல் ஆக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. நல்ல கேண்டிட் உண்டு. அது எடுக்கிறவனின் பொறுமையில் இருக்கிறது, லென்சில் இல்லை.

மூன்று, சினிமாப் பாணி. கல்யாணத்துக்கு முன்னாடியே ஜோடியைக் கூட்டிக்கொண்டு போய், செட்டிநாட்டு வீட்டுத் தூணில் சாய வைத்து எடுப்பது. நம்ம பிள்ளைகள் வாடகைக்கு ஜமீன் வேஷம் கட்டி நிற்கிறார்கள். எங்க தாத்தா எந்தப் பண்ணையில் கைகட்டி நின்றாரோ அதே மாதிரித் தூண். பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும், ஆடம்பரம் என்று ஒரே போடாகப் போடவும் மனசு இல்லை. அம்பேத்கரின் கோட்டும் டையும் சிலருக்கு ஆடம்பரமாகத்தான் பட்டது. உடுத்தக் கூடாது என்று தடுக்கப்பட்டவன் உடுத்திக் காட்டுவது ஒரு அரசியல். நான் கேட்பது ஒன்றுதான். நம்ம கம்பீரத்தைக் காட்ட அவன் தூண்தான் கிடைத்ததா?

இதோடு சேர்ந்தது ட்ரோன். பக்கத்து ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் பறக்க விட்டார்கள். வீடியோவைப் பார்த்தேன். மேலே ஏற ஏற ஊர் தெரிந்தது. இந்தப் பக்கம் ஊர், கோயில், கண்மாய்க் கரை. நடுவில் ஒரு வேலிக்கருவைக் காடு. அந்தப் பக்கம் காலனி. தார் ரோடு ஊர் எல்லையோடு நிற்கிறது. கீழே பாட்டு ஓடுகிறது, பூ எழுத்தில் ஜோடி பெயர் வருகிறது. எடுத்தவனுக்கே தெரியாமல் அவன் எடுத்த ஒரே உண்மைப் படம் அதுதான்.

நான்கு, ஆவணப் பாணி. எதையும் நகர்த்தாமல், நடப்பதை நடக்கிறபடி எடுப்பது. மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார் துப்புரவுத் தொழிலாளர்களின் சாவையும் வாழ்வையும் எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் பலம் தெரியும். அங்கே முகம் முகமாக இருக்கிறது, கறுப்பு கறுப்பாக இருக்கிறது, எதிரே இருக்கிறவரின் பெயர் எடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாணத்துக்கு எடுக்கிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கிருந்துதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. எங்க கல்யாணத்துக்கு வந்து கிழிந்த பாயையும் மூக்கொழுகும் பிள்ளையையும் தேடிப் போகிறவன் வேண்டாம். எங்க சந்தோஷமும் ஆவணம்தான்.

4

2024 தை. அக்கா மகள் கல்யாணம். பையன் வேற சாதி, ஊர்ப் பக்கம். காதல். அவன் வீட்டில் யாரும் வரமாட்டார்கள் என்பது முன்னமே தெரியும். அருப்புக்கோட்டையில் சின்ன மண்டபம், சுயமரியாதைத் திருமணம் என்று முடிவு. இதே அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில்தான் 1928இல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. சட்டம் அதை ஏற்க 1967 வரை ஆனது. ஊரறிய விழா நடத்தினால்தான் அந்தத் திருமணம் செல்லும் என்று ஒரு கட்டாயமும் இல்லை என உச்ச நீதிமன்றம் சொல்ல 2023 ஆகஸ்ட் வரை ஆனது. சட்டம் வந்துவிட்டது, பயம் போகவில்லை. தர்மபுரி இளவரசன் 2013, கோகுல்ராஜ் 2015, உடுமலைப்பேட்டை சங்கர் 2016. இந்தப் பெயர்களை எண்ணிக்கொண்டுதான் பத்திரிகை அடித்தோம்.

அதனால் இந்தத் தடவை போட்டோக்காரரைத் தேடியது அழகுக்காக மட்டும் இல்லை, உசுருக்காகவும். மூன்று பேரைப் பார்த்தோம். கேட்டது இவ்வளவுதான்.

பொறுக்கி எடுத்த இருபது படத்தைக் காட்டாதீர்கள், ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் காட்டுங்கள் என்றோம். இருபது நல்ல படம் எல்லாரிடமும் இருக்கும். சாயங்கால மங்கலில், டியூப்லைட்டில், பந்தியில் என்ன செய்தார் என்பது முழுசில்தான் தெரியும். கறுப்பான பெண் ஒருத்தியின் படத்தைக் கம்ப்யூட்டரில் கை வைக்கும் முன்னே எப்படி இருந்தது, பின்னே எப்படி இருக்கிறது என்று ரெண்டையும் கேட்டோம். ஒருவர் அந்தக் கேள்வியிலேயே கோபித்துக்கொண்டார். இன்னொருவர், கல்யாணப் படத்தைத் தன் பக்கத்தில் போடாவிட்டால் எனக்கு என்ன விளம்பரம் என்று கேட்டார்.

அங்கேதான் சட்டம் கைகொடுத்தது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நம்மில் பல பேருக்கு இது தெரியாது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில் உரிமை ஸ்டுடியோவுக்கே என்று இருந்தால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து விடுதலையான சோஜர்னர் ட்ரூத், 1864இல் தன் படத்துக்குத் தன் பெயரிலேயே உரிமை பதிந்து, அதை விற்றுப் பிழைத்தார். தன் உடம்பை விற்பனைக்கு வைத்த நாட்டில் தன் நிழலுக்குத் தானே சொந்தக்காரி ஆனார். நாம் நம்ம கல்யாணப் படத்துக்குச் சொந்தம் கொண்டாடக் கூடாதா? கேட்காமல் ஒரு படத்தையும் எங்கேயும் போடக் கூடாது, எல்லாக் கோப்பும் ஹார்டு டிஸ்கில் எங்க கையில் வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கினோம்.

மூன்றாவதாகப் பார்த்தது சின்னப் பையன். சொந்தக் கேமராகூட இல்லை, ஒன்று வாடகைக்கு. வீட்டுக்கு வரச் சொன்னோம். வந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தாங்கண்ணே, வெயில் மண்டையப் பொளக்குது" என்றான். அவனையே வைத்தோம். இதையே அளவுகோல் என்று சொல்லவில்லை. முப்பது வருஷம் என் நெஞ்சில் கிடந்த ஒரு பாட்டில் கலருக்கு அந்தச் சொம்பு பதில்.

அக்கா மகளுக்குக் கேண்டிட் வேண்டும், எனக்கு மேடை வேண்டும். சண்டை. "மாமா, நீங்க நிக்க வச்சே கொன்னுருவீங்க." "ஏத்தா, உங்க அய்யாவப் பெத்தவளுக்கு நேரா நிக்கிற படம் ஒண்ணு வேணாமா?" கடைசியில் ரெண்டும் எடுத்தான். மேடைக்கு வரும் முன்னே ஆக்குப்பறைக்குள் போய் அரைமணி நேரம் உட்கார்ந்தான். அக்காவை வாசல் வெளிச்சத்தில், முகத்தில் அளந்து எடுத்தான். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு இந்தக் கன்னத்துல மச்சம் இருக்கிறது படத்துல விழுந்ததே இல்லடா தம்பி" என்றது. 1993இல் காணாமல் போன முகம் 2024இல் வந்து சேர்ந்தது.

கடைசியாகக் குடும்பப் படம். பெண் பக்கம் ஐம்பது பேர் நெருக்கியடித்து நிற்கிறோம். மாப்பிள்ளை பக்கம் ஆளே இல்லை. அவன் சிநேகிதர்கள் ரெண்டு பேர் ஓரத்தில். பார்க்க நல்லா இல்லை என்று பெரியவர்கள் கசகசத்தார்கள். "கொஞ்சப் பேரு அங்கிட்டுப் போயி நில்லுங்கப்பா, ரொப்பிருவோம்." நானும் நகரப் போனேன். பொண்ணுதான் தடுத்தது.

"நகராதீங்க மாமா. காலியாவே இருக்கட்டும். அவுக அம்மா என்னைக்காவது ஒருநாள் வருவாக. வந்து ஆல்பத்தத் திறக்கயில, தான் நிக்காத எடம் எதுன்னு அவுகளுக்குத் தெரியணும்."

பையன் கேமராவை இறக்கி, ஒரு அடி பின்னால் போய், அந்தக் காலி இடமும் சேர்ந்து விழுகிற மாதிரி எடுத்தான்.